சாட்டுக்குள் பட்டன் வைக்கும் நண்பர்களுக்கு

கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் இருந்து எங்களைப் போன்ற தொழிற்சாலைகளின் சாட் குழுக்களுக்குச் செயலிகளை இணைத்துத் தரும் மென்பொருள் நண்பர்களுக்கு,

வணக்கம். வாளையாறு தாண்டி, கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் டிஸ்பாட்ச் பிரிவில், அதாவது சரக்கை அனுப்பும் பிரிவில், வேலை செய்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறையில். எங்கள் ஷிப்டில் சித்தூர் தாலுக்காவின் தமிழர்கள், பாலக்காட்டு மலையாளிகள், வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் உண்டு. லீவு, ஓவர்டைம், கேட் பாஸ், லாரி அனுப்புவது என எல்லாம் இப்போது சாட்டில்தான் நடக்கிறது. முன்பு அங்கே பேசிக்கொள்வதோடு சரி, பதிவு தனியாக நடக்கும். உங்கள் செயலி வந்தபிறகு மெசேஜுக்குக் கீழேயே பட்டன் வருகிறது. அதை அமுக்கினால் கணக்கிலேயே ஏறிவிடுகிறது.

இதை வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லை தாண்டினால் அது கட்டாயம். பொதுவாக 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு. வண்டி வழியில் பழுதாகி நின்றால், கெடு முடிவதற்கு முன் 8 மணி நேரம், முடிந்தபின் 8 மணி நேரம், அதற்குள் நீட்டித்தாக வேண்டும். நள்ளிரவில் அதை யார் நினைவு வைத்திருப்பது? கெடு நெருங்கும்போது சாட்டில் ஒரு மெசேஜ், அதன் கீழே ‘நீட்டிக்கவும்’ என்று ஒரு பட்டன், அமுக்கினால் வண்டி நிற்கும் இடத்தையும் காரணத்தையும் கேட்கும் சின்னப் படிவம். இப்படி ஒன்று கையில் இருந்தால் நைட் ஷிப்டில் இருப்பவருக்கு எவ்வளவு நிம்மதி! மனமாரச் சொல்கிறேன், இதைச் செய்து தருகிறவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

ஆனால் பட்டன் என்பது பேச்சல்ல, முடிவு. அமுக்குகிறவருக்கு எதை அமுக்குகிறோம் என்று புரிய வேண்டும். அமுக்கியபின் என்ன ஆயிற்று என்று அங்கேயே தெரிய வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் ஓவர்டைமுக்குப் பட்டனை அமுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை, அப்புறம் பிழை என்று காட்டியது. மறுபடி அமுக்கினார். பார்த்தால் இரண்டு பதிவு. ஏமாற்றப் பார்த்தார் என்று பேச்சு கிளம்பி, அவர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஸ்லாக் என்ற அலுவலகச் சாட் செயலியில் ஒரு பட்டன் அமுக்கப்பட்டால் 3 விநாடிக்குள் உங்கள் சர்வர் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் முதலில் சம்பளக் கணக்கு மென்பொருளைத் தட்டி எழுப்பி, அது பதிவை முடித்தபிறகு பதில் அனுப்பினால் 3 விநாடி போய்விடும். வேலை முடிந்திருக்கும், அமுக்கியவர் கண்ணுக்குத் தெரிவது பிழைதான். முதலில் ‘கிடைத்தது’ என்று சொல்லுங்கள். பட்டனை எடுத்துவிட்டு ‘பதிவாகிறது’ என்று காட்டுங்கள். முடிந்ததும் அதே மெசேஜில் யார் ஒப்புக்கொண்டார், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அதற்கு ஸ்லாக் 30 நிமிடம் அவகாசம் தருகிறது, அதற்குள் 5 முறை வரை பதில் அனுப்பலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்துவிட்டால் பத்து முறை அமுக்கினாலும் ஒரு பதிவுதான் விழும். பெரிய செலவுள்ள வேலை இல்லை இது.

அடுத்தது மொழி. ‘அப்ரூவ்’, ‘ரிஜெக்ட்’ இரண்டும் எல்லோருக்கும் பழகிவிட்டன. அதற்கு மேல் இருக்கும் நான்கு வரி ஆங்கிலம்தான் சிக்கல். எதற்கு ஒப்புதல் கேட்கிறார்கள் என்று தெரியாமல், பச்சையாக இருப்பதை அமுக்கிவிட்டுப் போகிறவர்கள் பலர். சிறிய கம்பெனிகள் வாட்ஸ்அப்பையே அலுவலகமாக வைத்திருக்கின்றன. அதில் ஒரு மெசேஜுக்கு 3 பதில் பட்டன் வைக்கலாம். எங்கள் பகுதிக்கு அது சரியாகப் போதும். முதல் நாளே தமிழ், மலையாளம், இந்தி என்று மூன்று பட்டன் அனுப்பி, அவரவர் மொழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனின் அமைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இங்கே பாதிப் பேர் போன் கடையில் அமைத்துக் கொடுத்தபடியே ஆங்கிலத்தில் வைத்திருப்பார்கள்.

தமிழில் எழுதும்போது நீளத்தையும் பாருங்கள். வாட்ஸ்அப் பட்டனில் 20 குறிகளுக்கு மேல் இடமில்லை. ‘வண்டியைத் திருப்பி அனுப்பு’ என்பதில் கண்ணுக்கு 13 எழுத்துதான். புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது 26. ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் மொழிபெயர்க்கக் கொடுத்தால் பட்டன் அனுப்பவே முடியாமல் போகும். ‘திருப்பி அனுப்பு’ என்று சுருக்கி, வண்டி எண்ணை மேலே மெசேஜில் போட்டால் முடிந்தது. இதை ஆரம்பத்திலேயே யோசிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

1969-இல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. அது அரசு அலுவலகங்களுக்கான சட்டம், உங்களைக் கட்டுப்படுத்தாது என்று தெரியும். ஆனாலும் தலைமைச் செயலகத்துக்கே தமிழில் எழுத உரிமையுள்ள ஒருவர், தன் லீவுக்கான கேள்வியை மட்டும் புரியாத மொழியில் படிக்க வேண்டுமா?

லீவு என்றதும் இன்னொன்று. காரணம் கேட்கும் படிவத்தின் பதில் குழு முழுக்கத் தெரியும்படி விழக்கூடாது. ஒரு பெண் தன் உடல்நிலையை எழுதினால் அதைப் படிக்க வேண்டியவர் அவருடைய சூப்பர்வைசர் ஒருவர்தான். அனுப்பியவருக்கு மட்டும் தெரியும் பதிலை ஸ்லாக்கிலேயே அனுப்ப முடியும், பயன்படுத்துங்கள். குழுவில் பேசுவதையெல்லாம் படிக்கும் அனுமதியையும் கேட்காதீர்கள். பட்டனுக்கு அது தேவையே இல்லை.

அடுத்த செயலியை இணைக்கும் முன் ஒரு முறை கஞ்சிக்கோட்டுக்கு வாருங்கள். மேனேஜர் அறையில் திரையில் காட்டுவதோடு நிறுத்தாமல், ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் பக்கம் நின்று, லோடு ஏற்றும் நான்கு பேர் கையில் கொடுத்து அமுக்கச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். நேரம் சொன்னால் நானும் உடன் நிற்கிறேன்.

அன்புடன்,
கஞ்சிக்கோட்டின் ஒரு டிஸ்பாட்ச் ஊழியன்