மசோதா நிறைவேறியது என்றால், பேசியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த கூட்டத்தொடர் நடந்த நாட்களில் உங்கள் நாளிதழின் டெல்லிச் செய்திகளை ஒரு வரி விடாமல் படித்தேன். எத்தனை மணிக்கு அமளி தொடங்கியது, யார் பதாகை பிடித்தார்கள், அவை எத்தனை தடவை ஒத்திவைக்கப்பட்டது, யாரெல்லாம் வெளிநடப்பு செய்தார்கள் என்று எல்லாம் இருந்தது. ஒரு நாள் செய்தியின் கடைசி வரி மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது. விவாதத்துக்குப் பிறகு மசோதா நிறைவேறியது என்று முடித்திருந்தீர்கள். என்ன விவாதம்? எந்தப் பிரிவை யார் எதிர்த்தார்? அமைச்சர் என்ன பதில் சொன்னார்? நம் தலையில் வந்து விழப்போகிற சட்டம் அது. அதைப் பற்றிப் பேசியவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

நான் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் குடும்பத்துக்குச் சோறு போட்ட அந்தக் கழகத்தின் கதையே நாடாளுமன்றப் பேச்சோடு பின்னிக் கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

1952இல் ரேபரேலியிலிருந்து மக்களவைக்குப் போனவர் பெரோஸ் காந்தி. நேருவின் மருமகன். முதல் சில ஆண்டுகள் அவையில் அதிகம் வாய் திறக்காதவர். 1955 டிசம்பர் 6 அன்று காப்பீட்டுத் திருத்த மசோதா விவாதத்தில் எழுந்தார். டால்மியா குழுமம் தன் கையிலிருந்த காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தை எப்படியெல்லாம் சுற்றிவிட்டது என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணக்கும் கையுமாக எடுத்து வைத்தார். அடுத்த ஆறாவது வாரம், 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு அவசரச் சட்டம் போட்டுக் கையில் எடுத்தது. அந்த ஒரு பேச்சால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அரசுக்குள் அந்த யோசனை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இனியும் தள்ளிப்போட முடியாது என்ற நிலையை உண்டாக்கியதில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகச் சேர்ந்து 1956 செப்டம்பர் 1 அன்று கழகம் பிறந்தது. என் அப்பா ஒரு தனியார் கம்பெனியில் போட்டிருந்த சின்ன பாலிசியும் அப்படித்தான் கழகத்துக்கு வந்தது.

சரி, கழகம் பிறந்தாயிற்று என்று அவர் சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே அதே கழகத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிப் பங்குகளைக் கழகம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. அந்தக் காலத்தில் ஒன்றேகால் கோடி என்பது மலையளவு பணம். முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கலந்து கேட்கவில்லை. செப்டம்பரில் அவையில் கேட்டபோது வழவழவென்று ஒரு பதில் வந்தது. அவர் விடவில்லை. டிசம்பர் 16 அன்று மறுபடியும் எழுந்து, தேதியையும் விலையையும் ஒவ்வொன்றாக வைத்துப் பேசினார். அமைச்சகத்துக்கும் கழகத்துக்கும் நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்தே அவர் கையில் இருந்தது. பிரதமர் அவருடைய மாமனார். நிதியமைச்சர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர். இரண்டும் அவர் வாயை அடைக்கவில்லை.

அந்த நிதியமைச்சர் நம்மூர்க்காரரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி. எங்கள் வீட்டில் அப்பா கடைசிவரை டி.டி.கே. பக்கம்தான். அதிகாரிகள் செய்த காரியத்துக்கு அவர் பலியானார் என்பார். நான் கழகத்தில் சேர்ந்த பிறகு இதை வைத்து எங்களுக்குள் பல ராத்திரி வாக்குவாதம் நடந்திருக்கிறது. டி.டி.கே. திறமைசாலி, பின்னால் மறுபடி அமைச்சரவைக்கும் வந்தார். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பங்கு விவகாரத்தை விசாரித்த நீதிபதி எம்.சி.சாக்ளா, நிதித்துறைச் செயலர் செய்த காரியத்துக்கு அரசியல் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியவர் அமைச்சர்தான் என்று சொன்னார். எனக்கு அது சரியென்றே பட்டது, இன்றும் படுகிறது. அந்த விசாரணை பம்பாயில் எல்லார் முன்னிலையிலும் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். மாதக் கணக்கில் இழுக்காமல் சில வாரங்களில் அறிக்கை வந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

இப்போது நாளிதழ்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். அவையில் ஓர் உறுப்பினர் பேசுவதற்காக அவர்மீது வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 105ஆவது பிரிவு அவரைக் காக்கிறது. அதே பேச்சைப் பத்திரிகை அச்சிட்டால்? 1956 வரை பத்திரிகைக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இல்லை. பெரிய முதலாளி ஒருவரைப் பற்றி அவையில் சொன்னதை அப்படியே போட்டுவிட்டு, அவதூறு வழக்கில் ஆசிரியர் கூண்டில் நிற்க வேண்டி வரலாம். பத்திரிகை நிர்வாகத்தில் இருந்தவர் என்பதால் பெரோஸ் காந்திக்கு இது நன்றாகவே தெரியும். தனிநபர் மசோதா ஒன்றை, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவை, கொண்டுவந்து, விவாதித்து, நிறைவேற்ற வைத்தார். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உண்மைக்கு மாறாமல், கெட்ட எண்ணம் இல்லாமல் வெளியிடும் பத்திரிகைமீது சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை என்பது அந்தச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14தான். அந்தப் பதினான்கில் ஒன்று உங்கள் தொழிலுக்காகவே வந்தது.

அவர் 1960இல், ஐம்பது வயதைத் தொடுவதற்குள், இறந்துபோனார். நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பரில், அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அப்போது பிரதமர் அவருடைய மனைவி இந்திரா காந்தி. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அலுவலகத்தில் மதிய இடைவேளையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, நாடாளுமன்றத்தில் யாராவது ஏதாவது பேசியிருப்பார்களா என்று தேடுவோம். ஒன்றும் இருக்காது. பேசினார்களா, பேசியது வெளியே வரவில்லையா என்றுகூடத் தெரியாது. அந்த வெறுமை இன்னும் எனக்குள் இருக்கிறது. 1977இல் ஆட்சி மாறியதும் சட்டம் திரும்பி வந்தது. மறு ஆண்டு 44ஆவது திருத்தத்தின் வழியே 361ஏ என்ற பிரிவாக அரசியல் சட்டத்துக்குள்ளேயே நுழைந்து, மாநிலச் சட்டமன்றங்களுக்கும் பொருந்தும்படி ஆயிற்று.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த உரிமையை நீங்கள் பயன்படுத்தாமல் விடுகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் கும்பகோணத்தை 1967 முதல் பத்தாண்டுகள் மக்களவையில் பிரதிநிதித்துவம் செய்தவர் இரா.செழியன். பொதுக் கணக்குக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். கூச்சல் போட்டுப் பெயர் வாங்கியவர் இல்லை; விதிகளையும் வரவுசெலவுக் கணக்கையும் படித்துவிட்டுப் பேசுகிறவர். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை எங்கேயும் கிடைக்காமல் போனபோது, அதைத் தேடி எடுத்து 2010இல் மறுபதிப்புக் கொண்டுவந்தவரும் அவர்தான். அப்படிப்பட்ட ஒருவர் இன்று மக்களவையில் உட்கார்ந்திருந்தால், வாக்களித்த எங்களுக்கு அவரைப் பற்றி எப்படித் தெரியும்? பதாகை தூக்கினால்தானே படம் வருகிறது?

நேரலைதான் இருக்கிறதே, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லலாம். நானும் பார்க்கிறேன். பேச்சில் பாதி இந்தி, மீதியில் பெரும்பகுதி ஆங்கிலம். பழைய விவாதங்கள் நாடாளுமன்றத்தின் இணைய நூலகத்தில் 1952இலிருந்தே கிடைக்கின்றன; அவையும் அந்த இரண்டு மொழிகளில்தான். நம் உறுப்பினர் தமிழில் பேசினால்கூட அவைக்குறிப்பில் அது ஆங்கிலமாகத்தான் பதிவாகிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு விவசாயி, ஒரு தையல்காரர், தன் உறுப்பினர் ஒரு சட்டத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளத் தமிழ் நாளிதழை விட்டால் வேறு எங்கே போவார்?

அப்புறம், யாரும் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற எண்ணம். எங்கள் தெரு வாசகசாலையில் காலையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். பட்ஜெட் அன்று உங்கள் பேப்பரில் வரும் வருமான வரிப் பட்டியலை எத்தனை பொறுமையாகப் படிக்கிறார்கள் தெரியுமா? தன் பிழைப்பைத் தொடுகிற விஷயம் என்று தெரிந்தால் மக்கள் படிப்பார்கள்.

பக்கம் பக்கமாகக் கேட்கவில்லை. ஒரு மசோதா நிறைவேறும் நாளில், அது எதற்காக வந்தது, யார் எந்தத் திருத்தம் கேட்டார்கள், அமைச்சர் எதை ஏற்றார், எதை மறுத்தார், ஓட்டெடுப்பு நடந்ததா, வெறும் குரல் வாக்கெடுப்பா என்று ஒரு பத்தி போதும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் பேசியிருந்தால், கட்சி பார்க்காமல் அவர்கள் வாதத்தின் சாரத்தைப் போடுங்கள். சட்டமன்றக் கூட்டத்தொடருக்கும் இதையே கேட்கிறேன். மானியக் கோரிக்கை விவாதங்களில் எங்கள் ஊர் வாய்க்காலும் மருத்துவமனையும் பேசப்படுகின்றன.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களையும் கவனியுங்கள். தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கிய நேரம் அது. உறுப்பினர்கள் பலர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், செய்தியாளர் மாடமும் காலியாகத்தான் இருக்கும். 2015 ஏப்ரல் 24, அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான், திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. திரும்பப் பெறச் சொல்லி அமைச்சர் கேட்டுக்கொண்டபோதும் அவர் இசையவில்லை. கடைசியாகத் தனிநபர் மசோதா ஒன்று சட்டமாகி அப்போது ஏறக்குறைய 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2019இல் அரசின் மசோதா வந்தபோது, அதைத் தேர்வுக் குழுவுக்கு, அதாவது மசோதாவை விரிவாக ஆராயும் உறுப்பினர்கள் குழுவுக்கு, அனுப்பச் சொல்லி அவரே வாதாடினார். அந்தக் கோரிக்கை ஓட்டெடுப்பில் தோற்றது. அந்த இரண்டு மசோதாக்களுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழில் யாராவது எழுதியிருந்தால், எங்கள் வாசகசாலையில் அதைச் சுவரில் ஒட்டியிருப்போம்.

அடுத்த கூட்டத்தொடரின் முதல் வெள்ளிக்கிழமை உங்கள் செய்தியாளரை மாலைவரை மாடத்தில் உட்காரச் சொல்லுங்கள். மறுநாள் சனிக்கிழமை இதழில் நான் தேடிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்,
கும்பகோணம்.