பாட்டுக் குழுவில் பாட்டு மட்டும்தான் பேசவேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒருவர் இசை ரசிகர்களின் இணையக் குழுக்களைப் பற்றிக் குறைபட்டிருந்தார். பாட்டைப் பற்றிப் பேசத்தான் சேர்ந்தேன், உள்ளே போனால் ஒருவர் பூனைப் படம் போடுகிறார், இன்னொருவருக்கு முதுகுவலி, மூன்றாமவர் தன் வாடகை வீட்டுக்காரரைப் பற்றிப் புலம்புகிறார், குழு நடத்துகிறவர்கள் இதையெல்லாம் ஒரேயடியாக வெட்ட வேண்டாமா என்று கேட்டிருந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரேயடியாக வெட்டினால் என்ன ஆகும் என்பதை நான் செய்தே பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். நீங்களும் ஒருவகையில் அட்மின்தானே, வெட்டுகிற இடம் உங்களுக்குத் தெரியும்.

பதினொரு வருடமாக ஒரு ரசிகர் குழுவை நடத்துகிறேன். கலைந்துபோய்ப் பல காலமான ஒரு இசைக்குழுவின் ரசிகர்கள் நாங்கள். முதல் இரண்டு வருடம் பாட்டைத் தவிர வேறு பேச்சே கிடையாது, யாரும் சொல்லித் தடுக்கவும் இல்லை, அவ்வளவு இருந்தது பேச. எந்தப் பதிவில் கிதார் நன்றாக விழுந்திருக்கிறது, மோனோவா ஸ்டீரியோவா, அந்த ஒரு இடத்தில் டிரம்மர் வேண்டுமென்றே தாமதித்தாரா அல்லது தூங்கிவிட்டாரா என்று விடிய விடியச் சண்டை. மூன்றாம் வருடம் அதே மோனோ ஸ்டீரியோ சண்டை திரும்ப வந்தது. நான்காம் வருடம் மறுபடியும். யார் என்ன சொல்வார்கள், அதற்கு யார் கோபித்துக்கொள்வார்கள் என்பது உள்பட எல்லோருக்கும் மனப்பாடம்.

இதை யோசித்துப் பாருங்கள். பீட்டில்ஸ் 1962 முதல் 1970 வரை வெளியிட்ட பாடல்கள் மொத்தமே இருநூற்றுச் சொச்சம்தான். உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட இசைக்குழுவின் கதியே இது என்றால் மற்றவர்களை என்ன சொல்ல? பாட்டு ஒரு கட்டத்தில் நின்றுவிடும், கேட்பவர்கள் நிற்பதில்லை. அவர்களுக்கு வேலை போகிறது, பிள்ளை பிறக்கிறது, கண்ணாடி பவர் ஏறுகிறது. பேச்சு பாட்டிலிருந்து ஆட்கள் பக்கம் நகர்ந்தது அப்படித்தான். அதை நான் கவனித்தபோது ஏற்கெனவே நகர்ந்து முடிந்திருந்தது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எங்களில் ஒருவர் இரவு பதினோரு மணிக்குத் தன் வாஷிங் மெஷின் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து போட்டார். கூடவே ஒரு வரி: 'இது எத்தனை எண்ணிக்கைத் தாளம்? யாராவது சொல்லுங்களேன்.' மெஷினுக்குள் எதுவோ டிக், டிக்-டிக், டிக் என்று சின்னதாகத் தட்டிக்கொண்டிருந்தது. டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஏழு என்றார். இல்லை, எட்டுதான், கடைசித் தட்டு காதில் விழவில்லை என்றார் இன்னொருவர். முதலாமவர் விடவில்லை, மேஜையில் தட்டி அதையும் பதிவுசெய்து போட்டார். ஒன்றரை மணி நேரம் ஓடியது இந்த வழக்கு. கடைசியில் மெஷினைத் திறந்து பார்த்தால், ஒரு பேண்ட்டின் உலோகப் பட்டன் டிரம்மில் பட்டுப் பட்டுப் போயிருக்கிறது. பேண்ட்டைத் திருப்பிப் போட்டு ஓடவிட்டு, 'இப்போ ஒரு தாளமும் இல்லை, கேட்கவே சலிப்பா இருக்கு' என்று அவர் எழுதியதும்தான் எல்லோரும் படுக்கப் போனோம். இது இசையைப் பற்றிய பேச்சா, இல்லையா? உங்கள் வாசகர் அட்மினாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

இருந்தாலும் அவரைப் போல எங்கள் குழுவிலும் இரண்டு பேர் இருந்தார்கள். அரட்டை அதிகமாகிவிட்டது, கேட்க வேண்டிய பாட்டெல்லாம் மேலே போய்விடுகிறது என்று தொடர்ந்து சொன்னார்கள். சரி, சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது என்று நானும் ஒரு விதி போட்டேன்: இசை தவிர வேறெதுவும் கூடாது, மீறும் பதிவு விளக்கமில்லாமல் நீக்கப்படும். அந்த 'விளக்கமில்லாமல்' என்ற சொல்லை எழுதியபோது எனக்குள் ஒரு கெத்து வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வாரம் பாராட்டு. இரண்டாம் வாரம் அமைதி. அதற்கப்புறம் வெறும் சுட்டிகள். ஒருவர் ஒரு பாட்டின் சுட்டியைப் போடுவார், அதன் கீழே அடுத்தவர் இன்னொன்று போடுவார், அதன் கீழே வேறொன்று. கேட்டேன், இந்த இடம் பிடித்தது, இந்த இடம் பிடிக்கவில்லை என்று ஒரு பேச்சு மூச்சு இல்லை. பாட்டு மேலே போய்விடாமல் காப்பாற்றத்தான் விதி; பாட்டு இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. யோசித்தால் புரிகிறது. ஒரு பாட்டை நான் திறந்து கேட்டதெல்லாம் அதை அனுப்பியது யார் என்பதற்காகத்தான். வாஷிங் மெஷின்காரர் ஒன்றை அனுப்பினால் அதில் ஏதோ விசித்திரம் இருக்கும் என்று தெரியும், உடனே கேட்பேன். பெயர் மட்டும் தெரிந்த ஒருவர் அனுப்பியதை, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன். அந்த அப்புறம் வருவதே இல்லை.

இனி சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம். எங்கள் குழுவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்றவர், குறைவாகத்தான் பேசுவார், பாட்டைக் கேட்பதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டி. விதி போட்ட ஆறாவது வாரம் ஒருநாள் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ஆஃப் டாபிக்தான், மன்னிக்கணும்' என்று ஆரம்பித்திருந்தார். என் கண்ணில் அந்த இரண்டு சொல் பட்டது, விரல் போய் நீக்கிவிட்டது. மீதியை நான் படிக்கவே இல்லை. அவரே ஒப்புக்கொண்டாரே, அப்புறம் என்ன என்றுதான் இருந்தது அப்போது.

பத்து நாள் கழித்து வாஷிங் மெஷின்காரர் எனக்குத் தனியாக எழுதினார், அக்காவைக் காணோமே, ஏதாவது தெரியுமா என்று. அக்காவைக் கூப்பிட்டுப் பேசினேன். காதுக்கு மெஷின் போட்டு ஒரு மாதம் ஆகிறதாம். பேச்சு நன்றாகக் கேட்கிறது, பாட்டு மட்டும் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை, புல்லாங்குழல் நடுங்குகிறது, சத்தமான இடமெல்லாம் கிழிகிறது, இனி பாட்டே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன் என்றார். வேறு யாராவது மெஷின் போட்டிருக்கிறார்களா என்று கேட்கத்தான் அன்று எழுதினாராம். விதியை மறந்தது என் தப்பு தம்பி என்று அவர் என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார்.

என் விதியை நானே மீறி அதைக் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் பதில் எழுதினார். காது மெஷின் பொருத்துவதுதான் அவர் தொழில். ஏழெட்டு வருடமாக எங்களோடு இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. என் விதிப்படி தெரிந்திருக்கவும் கூடாது. அவர் விளக்கியது உங்கள் வாசகர்களில் யாருக்காவது உதவலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன். வயதாகும்போது காது முதலில் இழப்பது மேல்ஸ்தாயி ஒலிகளை. பேச்சில் ச, ஸ, த போன்ற மெய்கள் மங்கும், ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. பாட்டில் சிம்பல், ஹை-ஹாட் போன்ற சன்னமான உலோக ஒலிகள் போய்விடும். இதைச் சரிசெய்ய வரும் கருவியைப் பேச்சை மனதில் வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். சாதாரணப் பேச்சு 60, 65 டெசிபல். மேடை இசையின் உச்சம் 100-ஐத் தாண்டும், அவ்வளவு பெரிய ஒலி உள்ளே வந்தால் பல கருவிகள் அதைச் சிதைத்துவிடும். ஏறி இறங்குவது பேச்சு, ஒரே சீராக ஒலிப்பது இரைச்சல் என்பது அதன் கணக்கு, அதனால் தம்புராவின் சுருதியைக்கூட மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். காதுக்குள் போகும் ஒலி கசிந்து மறுபடி மைக்குக்கு வந்தால் வீல் என்று கத்துமே, அதைத் தடுக்க ஒரு ஏற்பாடு உள்ளே உண்டு. நீளமாக இழுக்கும் புல்லாங்குழல் சுரத்தை அது அந்த வீல் சத்தம் என்றே எடுத்துக்கொண்டு அடக்கப் போகும், நடுக்கம் அங்கேதான் வருகிறது. பல கருவிகளில் இசைக்கென்று தனியாக ஒரு புரோகிராம் வைக்கலாம், இரைச்சல் தடுப்பையும் வீல் தடுப்பையும் அதில் குறைத்தோ அணைத்தோ தரச்சொல்லி ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள், பாட்டும் ஹெட்போனும் கையோடு எடுத்துப் போங்கள் என்றார்.

இது எங்கள் குழுவின் தனி ராசி ஒன்றும் இல்லை. இணையத்தில் ரசிகர்கள் கூடத் தொடங்கிய காலத்திலிருந்தே கதை இதுதான். 1985-ல் கலிஃபோர்னியாவில் 'தி வெல்' என்று ஒரு கணினி அரட்டைக் களம் தொடங்கினார்கள். மாதக் கட்டணம் போக மணிக்கணக்குக்கும் காசு. முதல் சில வருடங்கள் அதற்கு அதிக வருமானம் தந்தவர்கள் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் ரசிகர்கள்தான். கச்சேரி டேப்புகளை மாற்றிக்கொள்ளத்தான் பலர் வந்தார்கள், வந்து மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசினார்கள். அந்தக் குழுவுக்குப் பாட்டெழுதிய ஜான் பெர்ரி பார்லோவும் அங்கே வந்து சேர்ந்தார். 1990-ல் தன்னிடம் ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி வந்து, கணினியைப் பற்றி ஒன்றும் புரியாமலே விசாரித்துப் போன கதையை அவர் அங்கே எழுத, அதைப் படித்த மென்பொருள் தொழிலதிபர் மிட்ச் கேப்போர் நேரிலேயே போய் அவரைப் பார்க்க, ஜான் கில்மோர் என்ற கணினி நிபுணரும் சேர்ந்துகொள்ள, அந்த வருடமே எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் பிறந்தது. இணையத்தில் தனிமனித உரிமைக்காக இன்றும் வழக்காடும் அமைப்பு. அதிகாரி வந்துபோன கதைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று ஓர் அட்மின் அதை நீக்கியிருந்தால்? மாரிலியன் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு 1997-ல் அமெரிக்கா வரப் பணமில்லை என்றபோது, மின்னஞ்சல் வழியே கூடிப் பேசிக்கொண்டிருந்த ரசிகர்கள் தாங்களாகவே 60,000 டாலர் திரட்டி வரவழைத்தார்கள். முகம் தெரியாதவரிடம் பணம் கொடுக்கும் நம்பிக்கை மோனோ ஸ்டீரியோ சண்டையில் மட்டும் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வாசகர் பக்கமும் கொஞ்சம் நிற்கிறேன். காலை வணக்கப் படங்கள், எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும் மருத்துவக் குறிப்புகள், கட்சிச் சண்டை, இதையெல்லாம் நானும் இரக்கமில்லாமல் நீக்குகிறேன், இன்றைக்கும். என்னைக் கேட்டால் இவை அரட்டையே இல்லை, தபால் பட்டுவாடா. கேட்கிற ஆளும் பேசுகிற ஆளும் இருந்தால்தான் அரட்டை. தன் முதுகுவலியைத் தானே தட்டி எழுதுகிறவரையும் யாரோ செய்த ரோஜாப்பூவை நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறவரையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. அரட்டைக்கென்று தனி அறை திறந்துவிடலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். திறந்து பார்த்தேன். வா, வந்து மனம்விட்டுப் பேசு என்று கூப்பிட்டால் யாருக்குப் பேச்சு வரும்? பாட்டுக்கு நடுவே வாய் தவறி வருவதுதான் வரும். அந்த அறை இன்னும் திறந்துதான் கிடக்கிறது, கடைசியாக அதில் எழுதியது நான்தான்: 'யாராவது இருக்கீங்களா?'

விதியை எடுத்தாயிற்று. பழைய மின்னஞ்சல் குழுக்களில் தலைப்புக்கு முன்னால் ஓ.டி. (ஆஃப் டாபிக்) என்று போடுவார்களே, வேண்டாதவர்கள் தாண்டிப் போக, அதை மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

அக்கா ஆடியாலஜிஸ்டிடம் போனார், இரண்டு மூன்று தடவை. பழைய மாதிரி இல்லை, ஆனால் உட்கார்ந்து கேட்க முடிகிறது, ஹை-ஹாட் இருக்கிற இடத்தில் இருக்கிறது என்று எழுதினார். அன்று ராத்திரி அவரிடமிருந்து இன்னொரு செய்தி, வாஷிங் மெஷின்காரருக்கு. 'அந்த மெஷின் சத்தம் இன்னும் வெச்சிருக்கீங்களா? அன்னிக்கு எல்லாரும் ஏழு எட்டுன்னு அடிச்சிக்கிட்டீங்க. எனக்கு வெறும் உறுமல்தான் கேட்டது. சிரிக்கிற பொம்மை போட்டுட்டுப் போயிட்டேன்.' அவர் தேடி எடுத்து அனுப்பினார். பத்து நிமிடம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் அக்கா எழுதினார்: 'ஏழுதான்.'

இப்படிக்கு,
விதியை வாபஸ் வாங்கிய ஓர் அட்மின்