வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த மஞ்சள் படகு விஷயமாக

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வந்து ஷட்டரைத் தட்டும் தம்பிகளுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டை திருச்செந்தூர் ரோட்டில், கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை விற்று, வாடகைக்கு விட்டு, பழுதும் பார்க்கும் நம் கடையிலிருந்து எழுதுகிறேன். எதற்கு எழுதுகிறேன் என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அந்த வாட்ஸ்அப் குரல் பதிவை எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். "அண்ணாச்சி, உங்களப் பத்தித்தான் சொல்லுதாவ போல" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருந்தார்.

விரிசல் விட்ட ஒரு மஞ்சள் கயாக்கைப் பத்து நிமிஷ வேலைக்கு 19 நாள் வைத்திருந்து, ஒட்டாமலே திருப்பிக் கொடுத்தோம் என்கிறது பதிவு. அதுகூடப் போகட்டும். "அந்தக் கடையில ஒட்டத் தெரிஞ்ச ஆளே கிடையாது, புதுப் படகைத் தலையில கட்டத்தான் பாக்காவ" என்று கடைசியில் ஒரு வரி வருகிறது. அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா செய்தது முழுக்க ஒட்டுப்போடும் வேலைதான். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் என்னும் கண்ணாடி இழைப் படகு பெருகியபோது, உவரிக்கும் கூத்தங்குழிக்கும் அதை ஒட்டும் பிசினான ரெசின் டின்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். அவர் சட்டையை அம்மா எங்கள் துணியோடு சேர்த்து ஊறவைக்க மாட்டாள். கண்ணாடி இழைத் தூசி ஒட்டிக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் நாள் பூராவும் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி இழை விரிப்பை வெட்டி வைத்து, ரெசினில் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் கலந்து தடவி, காற்றுக் குமிழ் போக உருளையை ஓட்டினால் முடிந்தது. மறுநாள் படகு தண்ணீரில் இறங்கும். பதிவில் சொல்லப்படும் மஞ்சள் கயாக் ஃபைபர் கிடையாது, பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் கொட்டி, அடுப்புக்குள் வைத்துச் சுற்றிச் சுற்றி உருக்கி வார்த்தது. உங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வார்க்கும் அதே முறைதான். தொட்டி விரிசலில் எதை அப்பினாலும் ஒரு கோடையில் உரிந்து வந்துவிடுகிறதல்லவா? இதுவும் அப்படித்தான். மெழுகு மாதிரி வழுவழுப்பு, ரெசின் பிடிக்காது. அதே ஜாதிப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடான காற்று ஊதும் ஹாட் கன்னில் இளக்கி, படகையும் இளக்கி, இரண்டையும் சேர்த்து வெல்டிங் பண்ண வேண்டும். அதிலும் ஒரு வகை இருக்கிறது, வார்க்கும்போதே உள்ளுக்குள் பின்னிக்கொள்ளும். அவித்த முட்டையை மறுபடி கரைக்க முடியாத மாதிரி, அதைத் திரும்ப உருக்க முடியாது. சென்னையிலிருந்து குச்சி வரவழைத்து, விரிசல் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துச் சூடு காட்டிப் பார்த்தோம். இளகவே இல்லை, கருகியது. அந்தப் பின்னிக்கொண்ட வகைதான், ஒட்ட வழியில்லை. அதற்குள் 19 நாள் ஓடிவிட்டது. மூணாம் நாளே ஒரு போன் போட்டு நிலைமையைச் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு, மறைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் மேஸ்திரி சித்திரையில் கொச்சிக்கு வேலைக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், பிள்ளைக்குக் கல்லூரி, நான் எப்படித் தடுக்க? ஃபைபர் படகின் வயிற்றில் ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போவார். டக், டக் என்று வரும் சத்தம் ஓரிடத்தில் 'தப்' என்று அடங்கினால், அங்கே உள்ளடுக்கு விட்டுப்போயிருக்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுவார். அவர் போட்ட வட்டம் தப்பி நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் கயாக் வந்த புதிதில் அதையும் அப்படித் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னவே இது, குடத்தைத் தட்டுன மாதிரி எல்லா இடமும் ஒண்ணுபோலச் சொல்லுது" என்றார். பிறகு வெல்டிங்கையும் அவரேதான் கற்றுக்கொண்டார். இப்போது இருக்கும் தம்பி படித்துக்கொண்டிருக்கிறான். படித்துவிடுவான்.

புதுப் படகைத் தலையில் கட்டுகிறோம் என்ற பேச்சுக்கு வருகிறேன். புதுசு எல்லாம் நல்லது என்று நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? மிதித்து ஓட்டும் கயாக் வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டீர்கள்! 1997-ல் ஹோபி கம்பெனி கொண்டுவந்தது, அடியில் இரண்டு துடுப்புச் சிறகு, சைக்கிள் மாதிரி கால் வேலை, கை சும்மா இருப்பதால் தூண்டில் போடலாம். கடலிலும் ஆழமான தண்ணீரிலும் அருமையான சாமான்தான். நம் தாமிரபரணியில்? தண்ணீரில் மிதந்து படரும் அமலைச் செடி மண்டிய இடத்தில் நாலு மிதி மிதித்தால் சிறகில் சடை பின்னிவிடும். கோடையில் முழங்கால் தண்ணீரில் பாறை தட்டும். இதைச் சொல்லித்தான் வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினேன். விற்கத் தெரியாதவன் என்று வீட்டில் எனக்குப் பேர்.

துடுப்பு விஷயத்தில் மட்டும் புதுசுக்கு என் ஓட்டு. அலுமினியத் துடுப்பை விடக் கார்பன் துடுப்பு முன்னூறு கிராம் அளவுக்குக் குறையும். கையில் தூக்கிப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆயிரம் தடவை வலித்த பிறகு தோள் சொல்லும். ஆனால் பாறையில் ஊன்றினால் அலுமினியம் வளையும், கார்பன் படாரென்று போகும். அதனால்தான் வாடகைக்கு அலுமினியமே தருகிறோம், கஞ்சத்தனத்தால் இல்லை. மேலே உட்காரும் கயாக்கில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, தண்ணீர் ஏறாதா என்று கேட்பவர்களுக்கு அப்பா வைத்திருந்த பதில், "கட்டுமரத்துல கட்டை இடுக்கு வழியா வந்த தண்ணி அது வழியாவே போகல்லையா?"

போனையும் கடிகாரத்தையும் நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை தடவை வலித்தீர்கள், எவ்வளவு தூரம், என்ன வேகம் எல்லாம் சொல்லும். சீவலப்பேரியிலிருந்து கீழே போகலாம், நீலக் கோடு நேராகத்தானே போகிறது என்று ஒரு தம்பி போனைக் காட்டினார். அந்தக் கோட்டில் மருதூர் அணைக்கட்டு இருக்கிறது, தம்பி. படகில் உட்கார்ந்து பார்த்தால் அணை தெரியாது, தண்ணீர் மட்டமாகப் போய் வானத்தோடு முடிகிற மாதிரிதான் இருக்கும். விழுந்த தண்ணீர் அடியில் சுருண்டு அணையைப் பார்த்தே திரும்பும், படகையும் ஆளையும் விடாது. நம் ஆற்றில் கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை இப்படி எட்டு. சத்தம் கேட்டதும் கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு நடங்கள்.

கயாக்கை வெயிலில் கட்டிப்போட்டு அடியில் பள்ளம் விழுந்துவிட்டது என்று தூக்கிவராதீர்கள். கட்டைத் தளர்த்தி, பள்ளத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, உள்ளிருந்து கையால் தள்ளினால் பெரும்பாலும் வந்துவிடும். இதற்கெல்லாம் நாங்கள் காசு வாங்கியதில்லை.

பதிவு சுற்றிய வாரத்திலும் "அதெல்லாம் கெடக்கட்டும், நம்ம கடைதானே" என்று வந்து நின்றவர்களை மறக்க மாட்டேன். மணப்பாட்டிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போன அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஆவணி முதல் தேதியிலிருந்து வாடகைப் படகுக்கு முன்பணம் 2,000-க்குப் பதில் 5,000. பழுது வேலை வியாழன், வெள்ளி மட்டும்.

அந்த மஞ்சள் படகுக்காரருக்கு: உங்கள் இருக்கையும் கால் மிதியும் இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன, கோபத்தில் எடுக்காமல் போய்விட்டீர்கள். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். குச்சிக்குக் கொடுத்த முன்பணத்தையும் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடைக்காரன்