காரை விற்றுவிட்டு ஊர் திரும்பும் நம்மவர்களுக்கு

வணக்கம்.

மே, ஜூன் வந்தால் நம் வாட்ஸாப் குழுக்களில் ஒரே மாதிரிச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். "ஊரோடு திரும்புகிறோம். சோபா, கட்டில், கார் விற்பனைக்கு." மேற்படிப்புக்காகக் கலிஃபோர்னியா வந்திறங்கும் பிள்ளைகள் தங்கள் முதல் காரை வாங்குவது பெரும்பாலும் இப்படித்தான். தமிழ்க் குடும்பம், மறைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. என் அக்கா மகனும் அந்த நம்பிக்கையில்தான் ஒரு 2008 மாடல் செடானை வாங்கினான். வண்டிப் புகைச் சோதனையில் (ஸ்மாக் செக்) தேறியதற்கான புத்தம்புது சான்றிதழ் இருந்தது. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

பதினோராம் நாள் காலையில் போன் செய்தான். "சித்தி, மஞ்சளா இன்ஜின் படம் போட்ட லைட் எரியுது. வண்டிய ஓட்டலாமா?"

காரின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகினோம். பி0456 என்ற கோளாறு எண் வந்தது, 'கோடு' (code) என்பார்கள். பெட்ரோல் ஆவி எங்கோ மிக நுண்ணிய துளை வழியாகக் கசிகிறது என்று பொருள். டேங்க் மூடியாகத்தான் இருக்கும் என்று புது மூடி வாங்கிப் போட்டோம். சில நாளில் மறுபடியும் எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். 640 டாலர். பகுதிநேர வேலையில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பணம் அது. மூன்று வாரத்தில் அதே விளக்கு, அதே கோடு.

அப்போதுதான் காரின் பத்திரங்களைத் தேடி கிளவ் பாக்ஸைக் குடைந்தேன். இன்சூரன்ஸ் தாள்களுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு ரசீது. எட்டு மாதத்துக்கு முன்னால் வாங்கிய பெட்ரோல் டேங்க் மூடிக்கான ரசீது. விற்றவர்களும் எங்களைப் போலவே மூடியில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். விளக்கு அவர்களுக்கும் எரிந்திருக்கிறது. ஸ்கேனரால் அந்தக் கோடை அழித்து விளக்கை அணைத்துவிட்டு ஸ்மாக் செக் முடித்து, காரை எங்களிடம் தந்திருக்கிறார்கள்.

அவர்கள் நல்ல மனிதர்கள்தான். சாவியோடு ஒரு பாட்டில் மாவடுவும் கொடுத்தனுப்பினார்கள். விமான டிக்கெட் எடுத்தாயிற்று, வீட்டைக் காலி செய்ய வேண்டும், அந்த அவசரத்தில் செய்ததாகத்தான் இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதைச் செய்கிறவர்களில் பலருக்கு, தாங்கள் செய்வது என்னவென்றே தெரிவதில்லை.

டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை வெளியே விடாமல் கரி நிரப்பிய கேனிஸ்டர் பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்குள் இழுத்து எரித்துவிடும். இந்த அமைப்பில் ஓட்டை உண்டா என்று கார் தானே சோதித்துக்கொள்கிறது. அரை மில்லிமீட்டர் துளை இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தச் சோதனை நினைத்த நேரத்தில் நடக்காது. இரவெல்லாம் நின்று வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். டேங்க் காலியாகவும் இருக்கக் கூடாது, நிரம்பி வழியவும் கூடாது. ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதிலும் அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால்தான் பெரும்பாலான கார்களில் விளக்கு எரியும். கோடை அழித்தால் கார் எல்லாச் சுயசோதனைகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதன் பிறகு பத்துப் பதினைந்து நாள் விளக்கு எரியாமல் இருப்பது இதனால்தான்.

கலிஃபோர்னியா ஸ்மாக் செக்கும் இதற்காகவே ஒரு சலுகை வைத்திருக்கிறது. 2000 மாடலிலிருந்து வந்த பெட்ரோல் கார்களில் மற்ற சுயசோதனைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆவிக் கசிவுச் சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருந்தால் பரவாயில்லை. நியாயமான விதிதான், அது முடிய நாளாகும் என்பதற்காகக் கொடுத்தது. 2010 மாடல் முதல் வந்த கார்களில் ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் கோடு ஒன்று பதிவாகும். 2019 ஜூலையிலிருந்து ஸ்மாக் செக்கில் அதையும் பார்க்கிறார்கள். ஆனால் மாணவர்களில் சிலர் வாங்குவது அதைவிடப் பழைய கார்களை. சலுகையின் சுமை கடைசியில் அந்தப் பிள்ளைகள் தலையில் விழுகிறது.

"வெறும் ஆவிதானே, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்பீர்கள். ஓடும், மறுக்கவில்லை. ஆனால் இருப்பது ஒரே விளக்கு. ஆவிக்காக அது எரிந்துகொண்டே இருந்தால், நாளைக்குப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் கோளாறு வந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஆவியும் சும்மா இல்லை. அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், லாஸ் ஏஞ்சலஸில் கண்ணை எரித்த புகைமூட்டம் எப்படி உண்டாகிறது என்று விளக்கினார். பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. 1970 மாடல் கார்களிலேயே ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்பைக் கலிஃபோர்னியா கட்டாயமாக்கியதற்குக் காரணம் இதுதான். இங்கே நாம் வளர்த்த பிள்ளைகள் சுவாசித்த காற்று அப்படிச் சுத்தமானது.

எங்கள் காரின் ஓட்டையை ஸ்மோக் டெஸ்டில்தான் கண்டுபிடித்தோம். வேறொரு மெக்கானிக், காரை லிஃப்டில் ஏற்றி, மெல்லிய அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்தினார். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மட்டும் பிடித்தார். ஒரு நிமிடம் எதுவும் தெரியவில்லை. பிறகு பின்சக்கரத்துக்கு மேலே, பெட்ரோல் ஊற்றும் ஃபில்லர் பைப்பையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் குழாயின் வளைவிலிருந்து ஊதுபத்திப் புகை போல ஒரு இழை எழுந்தது. குழாயை விரலால் வளைத்துக் காட்டினார். நகக்கீறல் அளவு வெடிப்பு. நிமிர்த்தினால் மூடிக்கொண்டது. டெஸ்டுக்கு 140 டாலர், குழாய்க்கு 38. கேனிஸ்டரில் எந்தக் குறையும் இருந்ததில்லை. எங்கே ஓட்டை என்று பார்க்காமல் பார்ட்டை மாற்றுவது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது.

ஓட்டைதான் என்றில்லை, அடைப்பும் வரலாம். 2011-ல் மஸ்டா நிறுவனம் 50,000-க்கு மேற்பட்ட மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. டேங்குக்குக் காற்று போய்வரும் வென்ட் குழாயில் மஞ்சள் நிறச் சிலந்திகள் வலை பின்னியதுதான் காரணம். அடைத்துக்கொண்டால் டேங்கிலேயே வெடிப்பு விழ வாய்ப்புண்டு என்றார்கள். இதையெல்லாம் கோடை அழித்துச் சரிசெய்ய முடியாது.

நான் கேட்பது இவ்வளவுதான். விற்பதற்கு ஒரு மாதம் முன்னதாகவே ஸ்மோக் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். பார்ட் எதையும் மாற்றுவதற்கு முன் புகை வரும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். இந்த மாநிலத்தில் வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். கழற்றிய பழைய பார்ட்டை முன்கூட்டியே கேட்டும் வாங்கலாம். ரிப்பேர் செய்ய நேரமில்லையா, விலையைக் குறைத்துவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள். பெட்ரோல் போடும்போது நாசில் 'டக்' என்று நின்ற பிறகும் அழுத்தி அழுத்தி நிரப்பும் பழக்கம் இருந்தால், கடைசி மாதங்களிலாவது விடுங்கள். பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் கரி பாழாகிவிடும்.

வாங்க வரும் பிள்ளைகளிடம் 20 டாலர் ஸ்கேனரைக் கையோடு கொண்டுபோகச் சொல்கிறேன். ஆவிச் சோதனை முடியவில்லை என்று காட்டினால், கோடு எப்போது அழிக்கப்பட்டது என்று கேட்கச் சொல்கிறேன். கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சிலர் கேட்கக் கூச்சப்படுவார்கள். உங்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு எப்படிக் கேட்பது என்று தயங்குவார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும், வந்த கோடையும் மாற்றிய பார்ட்டையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிச் சாவியோடு கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அந்தப் பையனின் சித்தி,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா