மின்மாற்றிகளைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் உடல்நிலை தேறிவருவதை அறிந்து மகிழ்ந்தேன். நானும் நலமே. உக்ரைன் செய்திகளைப் படித்துவிட்டு, இடிந்த மின் நிலையங்களைத் திரும்பக் கட்டிக்கொள்ளவோ, அண்டை நாடுகளிடம் மின்சாரம் வாங்கிக்கொள்ளவோ முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். துணைமின் நிலையங்களிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 அக்டோபர் 10 அன்று ரஷ்யா தொடங்கிய பெருந்தாக்குதல்கள் அந்தக் குளிர்காலம் முழுவதும் உயர் அழுத்தத் துணைமின் நிலையங்களையும், அவற்றில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 330, 750 கிலோவோல்ட் மின்மாற்றிகளையும் தேடித் தேடி அடித்தன. அந்த மின் கட்டமைப்பு ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே நாடாக இருந்த சோவியத் காலத்தில் உருவானது. எங்கே அடித்தால் வலிக்கும் என்பது அடித்தவர்களுக்குத் தெரியாததல்ல. அறுந்த கம்பியை ஓரிரு நாளில் இழுத்துக் கட்டிவிடலாம். இருநூறு டன் எடையுள்ள மின்மாற்றியை அப்படி மாற்றிவிட முடியாது. ஆர்டர் கொடுத்து, செய்து, சோதித்து, கொண்டுவந்து நிறுத்த ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மேற்கு ஐரோப்பாவில் 400 கிலோவோல்ட்தான் வழக்கம் என்பதால், 750-க்கு இரவல் கொடுக்கவும் அங்கே ஆளில்லை.

நவம்பர் 23 அன்று நடந்ததுதான் என்னை உறைய வைத்தது. உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் மின்சாரத்தின் அதிர்வெண், அதாவது அது ஒரு நொடியில் துடிக்கும் எண்ணிக்கை, 50 ஹெர்ட்ஸில் நிற்கும். அன்று கட்டமைப்பு சிதைந்து அதிர்வெண் சரிந்தபோது, ரிவ்னே, ஹ்மெல்னித்ஸ்கி, தெற்கு உக்ரைன் அணுமின் நிலையங்களின் உலைகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே கட்டமைப்பிலிருந்து விலகி நின்றன. பக்கத்து நாடான மால்டோவாவிலும் பெரும்பகுதி இருண்டது. ஆறு உலைகள் கொண்ட ஜாபோரிஷியா அணுமின் நிலையத்தின் நிலை இன்னும் விசித்திரம்: 2022 செப்டம்பருக்குப் பின் அது கட்டமைப்புக்கு மின்சாரம் தரவில்லை, ஆனால் உலைகளைக் குளிர்விக்க வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், அது அறுந்தபோதெல்லாம் டீசல் ஜெனரேட்டர்களே காத்தன.

வாங்கிக்கொள்வதைப் பற்றிக் கேட்டீர்கள். ரஷ்யக் கட்டமைப்பிலிருந்து பிரிந்து தனித்து இயங்கும் சோதனையை உக்ரைன் தொடங்கிய அதே 2022 பிப்ரவரி 24 அன்றுதான் படையெடுப்பும் வந்தது. திரும்பிப் போகாமல், மார்ச் 16 அன்று ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைந்தார்கள். நம் தொழிலில் இதைவிடத் துணிச்சலான காரியத்தை நான் அறியேன். ஆனால் எல்லை தாண்டும் கம்பிகள் தாங்கும் அளவுக்குமேல் வாங்க முடியாது. 2024-இல் குறி உற்பத்தி நிலையங்கள் பக்கம் திரும்பியது; மார்ச்சில் தினிப்ரோ நீர்மின் நிலையம், ஏப்ரல் 11 அன்று கீவ் அருகே திரிபில்ஸ்கா அனல் மின் நிலையம். எரிந்துபோன டர்பைன் கூடத்துக்கு ஒட்டுப்போட முடியாது. மின்சாரம் நின்றால் குடிநீர் ஏற்றமும் நிற்கிறது, குழாய்வழி வரும் வீட்டு வெப்பமும் நிற்கிறது.

நீதிமன்றத்தில் வாதாடியவர் நீங்கள் என்பதால் ஒன்று கேட்கிறேன். 2024 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், இந்த மின் தாக்குதல்களுக்காகவே இரண்டு ரஷ்யத் தளபதிகளுக்குப் பிடியாணை பிறப்பித்தது. 1991-இல் ஈராக்கிலும் 1999-இல் செர்பியாவிலும் மின் அமைப்புகளை வேறு நாடுகள் தாக்கியபோது எந்தத் தளபதிக்கும் அத்தகைய ஆணை வரவில்லை. ஆயுத ஆலைக்கும் மருத்துவமனைக்கும் ஒரே கம்பியில்தான் மின்சாரம் போகிறது. அதைக் காட்டி ராணுவ இலக்கு என்று வாதிடுபவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்