செயற்கை டிஸ்க்: அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீராத கழுத்து வலிக்கு, கழுத்தெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் பொருத்திக்கொள்ள வெளிநாடு செல்வோரைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒன்பது ஆண்டுகளாகக் கழுத்து வலியோடு வாழ்பவன், அத்தகைய பயணத்துக்கு இரண்டு முறை ஏற்பாடு செய்து இரண்டு முறையும் தள்ளிப்போட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கட்டுரை, நோயாளி மருத்துவமனையை விட்டு வெளியே வருவதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிந்தைய பத்து, இருபது ஆண்டுகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வெளிநாடு போகலாமா, வேண்டாமா என்பதை அந்த ஆண்டுகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கெட்டுப்போன டிஸ்க்கை முன்கழுத்து வழியாக எடுத்துவிட்டு, அதன் மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் இணைப்பு அறுவை சிகிச்சை 1950-களிலிருந்து நடைபெற்று வருகிறது. அதில் அந்த இடத்தின் அசைவு போய்விடும். அசைவைக் காப்பாற்றவே செயற்கை டிஸ்க் உருவானது. 1960-களில் சுவீடன் மருத்துவர் ஃபெர்ன்ஸ்ட்ராம் பொருத்திய எஃகு உருண்டைகள் எலும்புக்குள் புதைந்துபோனதிலிருந்து இந்தத் துறை நெடுந்தூரம் வந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி வழங்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., கழுத்துக்கான முதல் செயற்கை டிஸ்க்குக்கு 2007-இல் அனுமதி அளித்தது. அடுத்தடுத்த இரண்டு இடங்களில் பொருத்துவதற்கான அனுமதி 2013-இல்தான் வந்தது. எம்6-சி என்ற டிஸ்க் ஐரோப்பாவில் 2006-இலேயே அனுமதி பெற்றுவிட, அமெரிக்காவில் 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய இடைவெளிதான் பலரை விமானம் ஏற வைத்தது. ஆனால் அதே டிஸ்க்கைப் பொருத்திக்கொண்ட சிலருக்கு, ஆண்டுகள் கழித்து, அதைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்துபோனதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. முந்திக்கொண்டு போவதில் இப்படியும் ஒரு பக்கம் உண்டு.

என் முதல் பயணம் நின்றுபோனதற்குக் காரணம் எனக்கே எழுந்த ஐயம். ஸ்கேன் படங்களை வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். வலி கழுத்தோடு நிற்கிறதா, கைக்கு இறங்குகிறதா, விரல் மரத்துப்போகிறதா என்று ஒரு கேள்வியும் கேட்காமல், இரண்டே நாளில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். நரம்போ தண்டுவடமோ நசுங்குவதால் வரும் தொல்லைகளுக்குத்தான் இந்தச் சிகிச்சை ஏற்றது; கழுத்து வலி மட்டும் உள்ளவருக்குப் பலன் உறுதியில்லை. ஸ்கேன் படத்தை மட்டும் நம்பவும் முடியாது. ஜப்பானில் எந்தத் தொல்லையும் இல்லாத ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது.

இரண்டாவது முறை, பயணத்துக்கு முன் நான் பார்த்த மருத்துவர், கழுத்தெலும்புகளின் பின்பக்கத்தில் உள்ள சிறு மூட்டுகளும் தேய்ந்திருக்கலாம் என்று ஐயுற்று சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்த மூட்டுகள் மிகவும் தேய்ந்திருந்தாலோ, எலும்பு வலுவிழந்திருந்தாலோ, அசையும் டிஸ்க் ஏற்றதல்ல. எனக்கு ஓரிடத்தில் தேய்மானம் நடுத்தரம் என்று அறிக்கை வந்தது. செய்யலாம் என்றும் சொல்ல முடியாமல், கூடாது என்றும் சொல்ல முடியாமல் பலர் மாட்டிக்கொள்ளும் நிலை அது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: சட்டைப் பொத்தான் போட முடியாமல் கை தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, விசாவுக்குக் காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

இனி, கட்டுரை விட்டுவிட்ட ஆண்டுகள். முதல் சில நாட்களில் கழுத்துக்குள் ரத்தம் கட்டினால் மூச்சே தடைபடலாம் என்பதால், அவசரப்பட்டு விமானம் ஏறக் கூடாது. குரல் கம்முவதும் விழுங்கச் சிரமப்படுவதும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். பிறகுதான் நீண்ட கணக்கு தொடங்குகிறது. டிஸ்க்கைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து, எதற்காகப் பொருத்தினோமோ அந்த அசைவையே நிறுத்திவிடலாம். டிஸ்க் எலும்புக்குள் இறங்கலாம். தேய்ந்து உதிரும் நுண்துகள்கள் எலும்பை அரிக்கலாம். இவற்றில் சில வலி எதுவும் இல்லாமலே நிகழ்வதால், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். டிஸ்க்கை மாற்ற நேர்ந்தால், தழும்பேறிய அதே முன்கழுத்து வழியாக மீண்டும் போக வேண்டியிருக்கும்; அதன் பெயர், அளவு, தொகுதி எண் எதுவும் தெரியாத மருத்துவர் எப்படிக் கை வைப்பார்? அந்த விவரங்கள் அடங்கிய அட்டையையும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் கையில் வாங்காமல் அங்கிருந்து யாரும் கிளம்பக் கூடாது.

வெளிநாட்டில் பொருத்திக்கொண்டு வந்தால் தொடர்ந்து பார்ப்பீர்களா என்று உள்ளூரில் மூன்று அறுவை சிகிச்சை மருத்துவர்களிடம் கேட்டேன். இருவர் மறுத்துவிட்டார்கள், பிறர் செய்த வேலைக்குப் பொறுப்பேற்க அவர்கள் தயங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாமவர், அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவருடன் தாம் முன்கூட்டியே பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அதைத் தெரிவித்து வெளிநாட்டு மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அது வரும்வரை பயணச்சீட்டு எடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்