சண்முகத்துக்கு ஒரு நுரைக் கதை

அன்புள்ள சண்முகம்,

பொங்கலுக்குப் போன் பண்ணுகிறேன் என்றவன் ஆடி பிறந்தும் பண்ணவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். கமலா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். போனில் சொன்னால் நடுவில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சிறுநீரில் புரதம் போகிறதடா.

பதறாதே, முழுக்கப் படி. மூன்று வருஷமாகப் போட்டுவந்த பிரஷர் மாத்திரையைப் போன கார்த்திகையில் நானாகவே நிறுத்தினேன். 128/82 காட்டியது. சரியாகிவிட்டதே, அப்புறம் எதற்கு மாத்திரை என்று நினைத்துக்கொண்டேன். அந்த 128 மாத்திரையால்தான் வந்தது என்பது முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தியவனுக்கு உறைக்கவில்லை! தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. சித்திரையில்தான் சிறுநீரில் நுரையைக் கவனித்தேன். தண்ணீர் ஊற்றினாலும் அடங்காத நுரை. கழிவறை கழுவும் மருந்தை மாற்றிவிட்டாள் என்று ஒரு மாதம் கமலாவோடு சண்டை.

கடைசியில் பாண்டியனின் பெண்ணிடம் போனேன். கிட்னி டாக்டருக்குப் படிக்கிறாளே, அவள்தான். 168/102. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.1, நார்மல். "பார்த்தாயா" என்று எழுந்தேன். "உட்காருங்க மாமா, கிட்னி பாதி போனாலும் கிரியேட்டினின் வாயைத் திறக்காது" என்றாள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் 30க்குள் இருக்க வேண்டும், எனக்கு 140.

இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிட்னிக்குப் போகிறது, நாளுக்கு 180 லிட்டர் வடிகிறது, ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான், அதாவது குட்டி வடிகட்டி, இருக்கிறது என்றெல்லாம் கலர் சாக்பீஸில் வரைந்து காட்டியவன் நான். ஆனால் பிரஷர் அதை எப்படிக் கெடுக்கிறது என்று யோசித்ததே இல்லை. அழுத்தத்தில் குழாய் தேய்ந்துபோகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அவ்வளவு சுலபமில்லையாம். குட்டி ரத்தக் குழாய்களின் சுவர் தடித்துப்போய், அவற்றை நம்பியிருக்கும் செல்களுக்கு ஆக்ஸிஜன் குறைகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் குழாயை இறுக்குவதோடு நில்லாமல் வெள்ளணுக்களையும் வரவழைக்கிறது. கிருமியே கிடையாது, ஆனாலும் படை வந்து இறங்குகிறது. கலவரமே நடக்காத தெருவில் லத்தியோடு போலீஸ் புகுந்த மாதிரி. இதைத்தான் அழற்சி என்கிறார்கள்.

அடிபட்ட செல் சாவதிலும் வகை உண்டு. ஒன்று, சுருங்கித் துண்டுகளாகி, பக்கத்துச் செல்கள் விழுங்கிவிட, சத்தமில்லாமல் போய்விடுவது. 1972இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல் அது. எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று. இன்னொன்று, செல் வீங்கி வெடித்து உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுச் சாவது. கொட்டியதைக் கண்டு இன்னும் படை வரும், அது இன்னும் செல்களைச் சாகடிக்கும். கடைசியில் அந்த இடம் தழும்பாகிவிடும். போன நெஃப்ரான் மறுபடி முளைக்காது. மிச்சமிருப்பவை அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துத் தேய்கின்றன. கெட்ட கிட்னி உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பிரஷர் இன்னும் ஏறும்.

2007இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு வகை இல்லாத எலிக்கு ஆஞ்சியோடென்சின் கொடுத்தும் பிரஷர் அவ்வளவாக ஏறவில்லை. அந்த வகையில் ஒன்றான டி செல்களைத் திருப்பிக் கொடுத்ததும் ஏறிவிட்டது. பிரஷரால் படை வந்ததா, படையால் பிரஷர் வந்ததா என்று கேட்டால் காளியப்பன் லாட்ஜ் தகராறுதான். யார் முதலில் கை வைத்தது என்று இன்றுவரை தெரியாதே!

நிறுத்திய டெல்மிசார்ட்டான் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாயிற்று. அது ஆஞ்சியோடென்சினைத் தடுப்பதால் கிட்னிக்கும் காவல் என்கிறாள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய் ஜாடியை கமலா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், நகையோடு! ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது. நுரைப் பழிக்குப் பழி வாங்குகிறாள் என்றே நினைக்கிறேன்.

இப்போது உன் விஷயம். முட்டி வலிக்கு மருந்துக்கடையில் நீயே கேட்டு வாங்கி விழுங்குகிறாயே டைக்ளோஃபெனாக், அது கிட்னிக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். நீ பிரஷர் மாத்திரையும் போடுகிறவன். இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்று அவள் சொன்னதும் எனக்கு உன் அண்ணன் ஞாபகம்தான். அந்த மார்கழி ராத்திரி டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தவர், "எங்கேயுமே வலிக்கலையேப்பா" என்றார், நினைவிருக்கிறதா? ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் தலையாட்டினேன். அவர் சொன்னது அது இல்லையடா. இத்தனை நாள் கழித்துத்தான் எனக்குப் புரிகிறது.

புதன்கிழமை லேபுக்குப் போ. காலையில் முதலில் போகும் சிறுநீர், ஆல்புமினும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல். ரத்தத்திலும் கிரியேட்டினின் பார். முட்டிக்கு வேறு என்ன செய்யலாம் என்று டாக்டரையே கேள். எனக்கு ஆவணியில் மறுபடி டெஸ்ட். வந்ததும் சொல்கிறேன். உன் டெஸ்டில் வந்த எண்ணை எனக்கு எழுது. பள்ளிக்கூடத்தில் எல்லா மார்க்கிலும் என்னை முந்தினவன் நீ, இதில் மட்டும் முந்திவிடாதே.

உன்,
ராமு